அந்த ஒரு தாளைக் கொடுங்கள்: கடன் உத்தரவாதத் திட்டங்களை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறு, நடுத்தரத் தொழில்களின் கடனுக்கு அரசு உத்தரவாதம் தரும் நிதி அமைச்சகங்களுக்கும், அதற்கான நிதியங்களை நடத்துபவர்களுக்கும், அந்த உத்தரவாதத்தை வைத்துக் கடன் கொடுக்கும் வங்கிகளின் தலைமைக்கும்,

வணக்கம்.

நான் கணக்கு எழுதுபவன். சிறு நிறுவனங்களின் வரவு செலவைப் பார்த்து, வருடக் கணக்கை முடித்து, கடன் வேண்டுமென்றால் வங்கிக்குத் தேவையான கோப்பைத் தயார் செய்து கொடுப்பது என் தொழில். கடனைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அதிகாரம் எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. ஆனால் அந்த முடிவை எடுப்பவருக்கு எதிரே போட்டிருக்கும் நாற்காலியில் பல வருடங்களாக உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்ததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கொஞ்ச நாள் முன்பு ஓர் அம்மா என்னிடம் வந்தார். கணவர் ஆரம்பித்த லேத் பட்டறையை, அவர் போன பிறகு தனியாக நடத்துகிறார். 11 பேர் வேலை செய்கிறார்கள். கையில் இரண்டு வருடத்துக்கான ஆர்டர் இருக்கிறது. அதை நேரத்துக்கு முடிக்க, கணினி வழியாக ஓடும் சி.என்.சி. இயந்திரம் இன்னும் ஒன்று வேண்டும். கணக்கு சுத்தம், வரி பாக்கி இல்லை, இதுவரை ஒரு தவணை தவறியதில்லை. பட்டறை மட்டும் வாடகை இடத்தில் இருக்கிறது. தொழிலின் பெயரில் அடமானம் வைக்க எதுவும் இல்லை.

வங்கி மேலாளர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது உத்தரவாதத் திட்டத்திலேயே வரும்மா, சொத்து எதுவும் வேண்டாம்" என்றார். அந்த அம்மாவின் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பத்து நாள் கழித்து அதே மேலாளரிடமிருந்து போன். மேலிடத்தில் கேட்கிறார்களாம், வீட்டுப் பத்திரத்தின் நகல் ஒன்று கோப்பில் இருக்கட்டுமாம். நகல் போனது. அப்புறம் அசலைப் பார்க்க வேண்டும் என்றார்கள். கடைசியில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போன அன்று, கடன் தாள்களோடு சேர்த்து அடமானத் தாளும் மேசையில் இருந்தது. கீழே இன்னொரு தாளில், உத்தரவாதத்துக்கான கட்டணம் கடன் வாங்குபவர் கணக்கில் பிடிக்கப்படும் என்று எழுதியிருந்தது.

அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அரசாங்கம் எனக்காக ஜாமீன் போடுது, அதுக்கு நான் பணமும் கட்டுறேன். அப்புறம் என் வீடு எதுக்கு சார்?"

எனக்கு அப்போது சரியான பதில் வரவில்லை. இந்த மடலே அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடி எழுதுவதுதான்.

உத்தரவாதத் திட்டம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது எதற்காக வந்தது என்பது எனக்குத் தெரியும். ஒரு வங்கிக்கு முன்னால் இருபது சிறு தொழில்காரர்கள் நின்றால், அவர்களில் யார் திருப்பிக் கட்டுவார், யார் கட்டமாட்டார் என்று வங்கிக்குத் தெரியாது. பெரிய கம்பெனி என்றால் தணிக்கை செய்த கணக்கு, சந்தையில் பெயர், பல வருடப் பதிவு எல்லாம் இருக்கும். சின்னப் பட்டறைக்கு அவை இருக்காது. சரி, ஆபத்து அதிகம் என்றால் வட்டியைக் கூட்டிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். அதிலும் சிக்கல் இருக்கிறது. வட்டியை ஏற்ற ஏற்ற, நிதானமாகத் தொழில் செய்பவர்கள் கடனே வேண்டாம் என்று விலகிவிடுவார்கள். எது வந்தாலும் வரட்டும் என்று துணிகிறவர்கள்தான் வரிசையில் மிச்சம் இருப்பார்கள். ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸும் ஆண்ட்ரூ வைஸும் 1981இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத்தான் விளக்கியது. அதனால் வங்கி ஒரு கட்டத்துக்கு மேல் வட்டியை ஏற்றாமல், கடனையே மறுத்துவிடுகிறது. மறுக்காமல் கொடுக்க வேண்டுமென்றால் சொத்தைக் கேட்கிறது. முடிவில், சொத்து இருப்பவருக்குக் கடன் கிடைக்கிறது. தொழில் மட்டும் இருப்பவருக்குக் கிடைப்பதில்லை.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் அரசுகள் வந்தன. டோக்கியோவில் 1937இலேயே கடன் உத்தரவாதக் கழகம் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் சிறுதொழில் நிர்வாகம் 1953இல் வந்தது. தென்கொரியாவின் உத்தரவாத நிதியம் 1976, சிலியின் ஃபோகாபே என்ற நிதியம் 1980, இந்தியாவில் அரசும் சிறுதொழில் மேம்பாட்டு வங்கியான சிட்பியும் சேர்ந்து அமைத்த அறக்கட்டளை நிதியம் 2000. பெயரும் விதியும் ஊருக்கு ஊர் வேறு, அடிப்படை ஒன்றுதான்: சொத்து இல்லாத குறையை அரசின் வாக்கு ஈடு செய்யும், வங்கி பயமில்லாமல் கொடுக்கலாம். நல்ல யோசனை. அது சரியாக வேலை செய்த இடங்களில் கடன் வாங்கி வளர்ந்த பட்டறைகளின் கணக்கை நானே எழுதியிருக்கிறேன்.

அது எங்கே தடம் மாறுகிறது என்று பார்க்க ஒரு கணக்குப் போடுகிறேன். இதில் வரும் எண்கள் நானாக வைத்துக்கொண்டவை. ஆனால் கணக்கு நடக்கும் விதம் எந்த ஊரிலும் இதுதான்.

100 பேருக்கு ஆளுக்கு 100 கடன் என்று வைத்துக்கொள்வோம். ஒழுங்காகக் கட்டுபவரிடமிருந்து வங்கிக்கு எல்லாச் செலவும் போக 4 மிச்சம். கட்டாமல் போகிறவரிடம் 30 வசூலாகும், 70 போய்விடும். 100 பேரில் 10 பேர் கட்டாமல் போனால், வங்கிக்கு வரவு 90 பேரிடம் 360. இழப்பு 700. ஆக 340 நஷ்டம். அதனால்தான் வங்கி இந்த 100 பேரையும் வாசலோடு அனுப்பிவிடுகிறது, அதில் 90 பேர் நல்லவர்கள் என்று தெரிந்தும்கூட.

இப்போது அரசு 80 சதவீத இழப்பை ஏற்கிறது. 700 இழப்பில் வங்கியின் பங்கு 140 மட்டும். வரவு 360இல் இதைக் கழித்தால் 220 லாபம். கடன் கிடைக்கிறது. அரசின் பங்கு 560. கட்டணமாக ஆளுக்கு 1 வீதம் 100 வசூலித்தால், நிகரச் செலவு 460. இந்த 460ஐக் கொடுத்து, இல்லையென்றால் கடனே கிடைத்திருக்காத 100 தொழில்களுக்கு வழி திறந்திருக்கிறது. ஒரு கடனுக்கு 4.6. பொதுப்பணத்தில் செய்யக்கூடிய நல்ல செலவுகளில் ஒன்று இது என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆனால் அந்த 100 பேரில் 60 பேர், உத்தரவாதம் இல்லாவிட்டாலும் அதே வங்கியில் கடன் வாங்கியிருக்கக்கூடியவர்கள் என்றால்? செலவு அதே 460. புதிதாக வழி திறந்தது 40 பேருக்குத்தான். ஒரு கடனுக்கு 11.5 ஆகிவிடுகிறது. மீதி 60 பேர் விஷயத்தில், தான் எப்படியும் எடுத்திருக்கும் ஆபத்தை வங்கி உங்கள் தலையில் இறக்கி வைத்திருக்கிறது. உங்கள் ஆண்டறிக்கையில் இந்த இரண்டு நிலைமையும் ஒரே மாதிரித்தான் தெரியும்: உத்தரவாதம் பெற்ற கடன்கள் 100. "இத்தனை லட்சம் நிறுவனங்கள் பயன்பெற்றன" என்று படிக்கும்போதெல்லாம் என் மனதில் வரும் கேள்வி, அதில் எத்தனை பேர் அந்த 40இல் இருக்கிறார்கள் என்பதுதான்.

இது கற்பனைப் பயம் இல்லை. பேக்கேஜிங் அட்டைப்பெட்டி செய்யும் ஒருவருக்கு, கணக்கில் இருப்பதற்கு மேலும் ஒரு லிமிட் வரை எடுத்துக்கொள்ளும் ஓவர் டிராஃப்ட் வசதி ஏற்கெனவே இருந்தது. வங்கி அவரைக் கூப்பிட்டு, புதுத் திட்டத்தில் கடன் தருகிறோம் என்றது. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். மாதக் கடைசியில் நான் கணக்கை ஒத்துப் பார்த்தபோது, புதுக் கடன் வந்த அன்றே பழைய ஓவர் டிராஃப்டின் பெரும்பகுதி அதே பணத்தில் கழிக்கப்பட்டிருந்தது. லிமிட்டும் அந்த அளவுக்குக் குறைக்கப்பட்டிருந்தது. அவர் கையில் புழங்குகிற பணத்தில் பெரிதாக எதுவும் கூடவில்லை. கூடியது உத்தரவாதக் கட்டணம் ஒன்றுதான். வங்கியின் பழைய ஆபத்து அரசின் கணக்குக்கு மாறிவிட்டது. உங்கள் புள்ளிவிவரத்தில் அவரும் பயனாளி.

இதைத் தடுக்க வழியில்லாமல் இல்லை. அமெரிக்கத் திட்டத்தில், நியாயமான நிபந்தனையில் வேறெங்கும் கடன் கிடைக்காதவருக்குத்தான் இது என்று கடன் கொடுப்பவர் எழுதித் தர வேண்டும். வெறும் சடங்காக அதை நிரப்பிவிட முடியும் என்பது உண்மைதான். ஆனாலும் கேள்வி தாளில் இருக்கிறது, பின்னால் சரிபார்க்க ஒரு பிடி இருக்கிறது. உத்தரவாதக் கடன் வந்த தேதிக்கு முன்னும் பின்னும் ஆறு மாதம், அதே வாடிக்கையாளரின் மொத்த லிமிட் எவ்வளவு என்று வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். கூடியிருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்பது அந்த இரண்டு எண்ணிலேயே தெரிந்துவிடும். இந்த விவரம் வங்கியின் கணினியில் இப்போதே இருக்கிறது. புதிதாக எதையும் திரட்ட வேண்டியதில்லை.

அடுத்தது, எத்தனை சதவீதம் என்ற கேள்வி. மேலே போட்ட கணக்குக்கே திரும்பி வருகிறேன். 80 சதவீத உத்தரவாதத்தில், கட்டாமல் போகிறவர்கள் 20 பேராக உயர்ந்தால் வங்கியின் வரவு 320, அதன் பங்கு இழப்பு 280. இன்னும் 40 லாபம். 30 பேர் ஆனால் வரவு 280, இழப்பு 420. நஷ்டம் தொடங்கிவிட்டது. அதனால் 20க்கும் 30க்கும் நடுவில் எங்கேயோ வங்கி விழித்துக்கொள்ளும், ஆளைப் பார்த்துக் கொடுக்கும். உத்தரவாதம் 100 சதவீதம் என்றால் அந்த இடமே கிடையாது. 30 பேர் போனாலும் வரவு 280, இழப்பு சுழியம். கோப்பைப் படிக்க வேண்டிய அவசியம் வங்கிக்கு இல்லாமல் போகிறது.

கோப்பு தயாரிப்பவனாக இதை நான் நேரிலேயே உணர்ந்திருக்கிறேன். தனக்கும் பங்கு இருக்கும் கடன் என்றால் அதிகாரி கேள்வி கேட்பார். சரக்கு ஏன் இவ்வளவு தேங்கியிருக்கிறது, இந்த ஒரு வாடிக்கையாளரிடம் ஏன் இவ்வளவு பாக்கி என்று குடைவார். அந்தக் கேள்விகள் எரிச்சலாக இருக்கும். ஆனால் அவற்றால் பிழைத்த தொழில்கள் உண்டு. முழு உத்தரவாதம் உள்ள கடனில் யாரும் எதையும் கேட்பதில்லை. கேள்வி கேட்காமல் கொடுத்த கடன் அந்தத் தொழில்காரருக்கும் நல்லதில்லை. வாங்கக் கூடாத ஒருவர் வாங்கிவிட்டால், பின்னால் கஷ்டப்படுவது அவர்தான்.

ஜப்பான் இதைக் கொஞ்சம் பெரிய விலை கொடுத்தே கற்றது. வங்கி நெருக்கடியின் நடுவில் 1998 அக்டோபரில் 100 சதவீத உத்தரவாதத்தோடு ஒரு சிறப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் அளவு 30 லட்சம் கோடி யென் வரை போனது. அந்த நேரத்தில் கடன் வற்றிப்போன நிறுவனங்களுக்கு அது மூச்சுக்காற்று, அதை மறுக்க முடியாது. ஆனால் 2007 அக்டோபரில், அவசரகாலம் தவிர்த்து வழக்கமான உத்தரவாதங்களில் 20 சதவீதப் பொறுப்பைக் கடன் கொடுப்பவரே ஏற்க வேண்டும் என்ற முறைக்கு அவர்களே மாறினார்கள்.

பிரிட்டன் 2020 மே மாதத்தில் கொண்டுவந்த பவுன்ஸ் பேக் கடனும் 100 சதவீதம்தான். விண்ணப்பதாரர் தானே சொன்னதை நம்பி, பெரிய சோதனை இல்லாமல் 50,000 பவுண்டு வரை கொடுத்தார்கள். சுமார் 15 லட்சம் கடன், சுமார் 4,700 கோடி பவுண்டு. பூட்டிக் கிடந்த கடைகளுக்கு நாள் கணக்கில் பணம் போனது, அந்த வேகம் பல தொழில்களைக் காப்பாற்றியது. மோசடியாக வாங்கியவர்களைத் தேடும் வேலை அதற்குப் பிறகு வருடக் கணக்கில் நீண்டது. தீ எரியும்போது தண்ணீரை அளந்து ஊற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் அவசரத்துக்காகத் திறந்ததை அவசரம் முடிந்ததும் மூட ஒரு தேதியை முதல் நாளிலேயே எழுதி வையுங்கள்.

இன்னொன்றும் அந்த வருடத்தில் பார்த்தோம். இந்தியா 2020இல் கொண்டுவந்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம், 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் ஏற்கெனவே கடன் பாக்கி வைத்திருந்தவர்களுக்கு, அந்தப் பாக்கியில் 20 சதவீதம் கூடுதல் கடன் என்று தொடங்கியது. இருக்கிற வாடிக்கையாளரிடம் பணத்தைச் சேர்க்க அதுதான் வேகமான வழி, புரிகிறது. ஆனால் அதுவரை கடனே வாங்காமல் சொந்தப் பணத்தில் தொழில் நடத்தியவருக்கு, பாக்கி சுழியம் என்பதால் கிடைத்ததும் சுழியம். கடன் வாங்காமல் இருந்ததே அவருக்குப் பாதகமானது. உத்தரவாதம் முதலில் யாருக்காக உருவானது? வங்கியின் உள்ளே நுழைய முடியாதவருக்காக. நெருக்கடி வந்ததும் அது உள்ளே இருப்பவருக்கானதாக மாறிவிடுகிறது. அடுத்த நெருக்கடிக்கான திட்டத்தை இப்போதே வரையும்போது இவர்களுக்கும் ஒரு கதவை வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சிலிக்காரர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஃபோகாபே உத்தரவாதத்தை ஏலம் விடும். எத்தனை சதவீத உத்தரவாதம் தந்தால் கடன் கொடுப்பீர்கள் என்று வங்கிகளிடம் கேட்டு, குறைவாகக் கேட்பவருக்கு முதலில் ஒதுக்கும். தன் வாடிக்கையாளரைத் தெரிந்து வைத்திருக்கும் வங்கி, குறைந்த உத்தரவாதத்திலேயே கொடுக்கத் துணியும். சதவீதத்தை உட்கார்ந்த இடத்திலிருந்து நாமே முடிவு செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

இப்போது அந்த அம்மாவின் வீட்டுக்கு வருகிறேன். மேலாளர் ஏன் பத்திரம் கேட்டார்? அவருக்குப் பேராசை என்று நான் நினைக்கவில்லை. பல மாதம் கழித்து, வேறொரு கோப்புக்காகப் போயிருந்தபோது அவரிடமே கேட்டேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "கடன் போயிடுச்சுன்னா இழப்பைத் தரச் சொல்லி நிதியத்துக்கு கிளெய்ம் போடுவோம். ஒரு தேதி தப்பு, ஒரு கட்டணம் ஒரு நாள் லேட், ஆய்வு அறிக்கையில ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு. ஏதாவது ஒண்ணு காரணமாகி கிளெய்ம் திரும்பி வந்துடும். அப்ப பதில் சொல்ல வேண்டியது நான். கையில ஒரு பத்திரம் இருந்தா எனக்குத் தூக்கம் வரும்."

இதை நிதியத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். நீங்கள் கொடுத்த வாக்கை நீங்கள் காப்பாற்றுவீர்களா என்ற சந்தேகம்தான் அந்த வீட்டுப் பத்திரத்தைக் கேட்க வைக்கிறது. அந்த அம்மா திருப்பிக் கட்டுவாரா என்ற சந்தேகம் அதில் சின்னப் பங்குதான். கடன் வாங்குபவரிடமிருந்து கட்டணம் வசூலித்து நீங்கள் விற்கும் உத்தரவாதத்தை, அதை நம்ப வேண்டிய அதிகாரியே நம்பவில்லை என்றால், அந்த அம்மா ஒரே ஆபத்துக்கு இரண்டு முறை விலை கொடுக்கிறார். கட்டணமாக ஒன்று, வீடாக ஒன்று.

கிளெய்மை மறுக்க எவையெல்லாம் காரணமாகலாம் என்பதைக் கடன் கொடுக்கும் நாளிலேயே ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மோசடியும் கடமை தவறியதும் அதில் இருக்கட்டும். விட்டுப்போன கையெழுத்து, முத்திரை போன்றவற்றுக்கு முழு மறுப்பு வேண்டாம், சிறு பிடித்தம் போதும். பணம் எத்தனை நாளில் வரும் என்பதும் உறுதியாக இருக்கட்டும். இந்திய நிதியத்தில் வங்கி சட்ட நடவடிக்கை தொடங்கிய பிறகு முதலில் 75 சதவீதமும், வசூல் நடவடிக்கை முடிந்ததும் மீதியும் என்று இரண்டு தவணையாக வருகிறது. வழக்கு முடிய ஆகும் காலம் எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டாம் தவணையை மேலாளர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இந்த நிச்சயமின்மை கீழே இறங்கி வந்து கடைசியில் நிற்கிற இடம் கடன் வாங்குபவரின் வீட்டு வாசல்.

சொந்த ஜாமீன் விஷயத்திலும் இதே கதைதான். அமெரிக்கத் திட்டத்தில் 20 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் உரிமையாளர் தன் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் எழுதித் தர வேண்டும். வேறு பல நாட்டிலும் இது வழக்கம். உரிமையாளர் விளையாட்டாகக் கடன் வாங்கிவிடக் கூடாது என்ற காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஜப்பான் 2024 மார்ச்சில் ஒரு வழி திறந்தது. சில நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யும் நிறுவனம், உத்தரவாதக் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால், உரிமையாளரின் சொந்த ஜாமீன் தேவையில்லை. எத்தனையோ பேர் அந்தக் கூடுதல் கட்டணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவார்கள் என்று என் மேசையில் இருந்து சொல்கிறேன். தொழில் போனாலும் பிள்ளைகள் இருக்கும் வீடு போகாது என்று தெரிந்தால், ஒருவர் தொழிலில் எடுக்கும் முடிவுகளே வேறு மாதிரி இருக்கும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட என்னை அதிகம் உறுத்துவது ஒன்று. உத்தரவாதம் யாரைக் காக்கிறது என்பது கடன் வாங்கும் ஆளுக்கே தெரிவதில்லை.

அச்சகம் நடத்திய ஒருவர். தொழில் நொடித்து, தவணை நின்று, கடன் வாராக்கடனாகி, வங்கி உத்தரவாதத் தொகையை நிதியத்திடம் வாங்கிக்கொண்டது. யாரோ அவரிடம், "உங்க லோன் கிளெய்ம் ஆயிடுச்சு" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் அதைக் கடன் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். அரசாங்கம் எனக்காகக் கட்டிவிட்டது என்று வீட்டில் சொல்லி, ஒரு வருடம் நிம்மதியாக இருந்தார். அப்புறம் முழுத் தொகைக்கும் வட்டியோடு நோட்டீஸ் வந்தது. அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தபோது அவருக்குக் கோபம்கூட இல்லை. "ஏதோ தப்பா அனுப்பிட்டாங்க போல" என்று சொல்லி, தாளை என் மேசையில் மெதுவாக விரித்து வைத்தார். அது தப்பில்லை என்று அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது. வருடக் கணக்கில் செய்யும் வேலையில் அந்த அரை மணி நேரத்தைப் போல இன்னொன்று எனக்கு வேண்டாம்.

நிதியம் பணம் கொடுப்பதால் கடன் மறைவதில்லை. ஜப்பானில் கழகம் வங்கிக்குக் கட்டிவிட்டு, வங்கியின் இடத்தில் தானே நின்று வசூலிக்கிறது. இந்தியாவில் வங்கியே தொடர்ந்து வசூலித்து, நிதியத்துக்குரிய பங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எப்படியானாலும் கடன் வாங்கியவரின் கடமை ஒரு காசுகூடக் குறைவதில்லை. வாங்கும்போதே அவருக்கு இது தெரிந்திருந்தால், தவணை தடுமாறிய முதல் மாதமே வங்கிக்குப் போயிருப்பார், காலத்தை நீட்டிக் கேட்டிருப்பார். தெரியாததால் ஒரு வருடத்தை இழந்தார். அந்த ஒரு வருட வட்டியும் அவர் தலையில்தான்.

தொழில் நொடிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பிரான்சின் உத்தரவாதத் திட்டம் 1995இல் புதிய துறைகளுக்கு விரிந்ததை வைத்து லெலார்ஜ், ஸ்ராயர், தெஸ்மார் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். உத்தரவாதம் கிடைத்த நிறுவனங்கள் அதிகக் கடன் திரட்டின, வேகமாக வளர்ந்தன. கூடவே, நொடித்துப் போகும் வாய்ப்பும் அவற்றுக்கு அதிகமானது. இதைப் படித்துவிட்டுத் திட்டம் தோல்வி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வங்கி கொடுக்க மறுத்த ஆபத்தை ஏற்பதற்குத்தானே இந்தத் திட்டம்? அப்படி என்றால் சிலர் விழத்தான் செய்வார்கள். கிளெய்மே வராத நிதியம் என்று யாராவது பெருமைப்பட்டால், எப்படியும் கடன் கிடைக்கக்கூடியவர்களுக்கு மட்டும் உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைப்பேன். விழுவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்து தொடங்கிய திட்டம், விழுந்தவரை எப்படி நடத்த வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். மோசடி செய்தவருக்கும், ஆர்டர் போனதால் மூழ்கியவருக்கும் ஒரே வாசகத்தில் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். நேர்மையாக நடத்தி நொடித்தவருக்கு, கட்டக்கூடிய அளவுக்குத் தீர்த்துவிட்டு வெளியே வர ஒரு வழி, மறுபடி ஒரு சின்னக் கடன் கேட்க ஒரு வாய்ப்பு, இவை இரண்டும் திட்டத்தின் விதியிலேயே இருக்க வேண்டும்.

நான் கேட்டதில் பெரிய மாற்றங்களுக்கு நாளாகும் என்று தெரியும். ஏல முறையோ, கிளெய்ம் விதியோ, சொந்த ஜாமீனோ ஒரே வருடத்தில் மாறாது. அதனால் நாளைக்கே செய்யக்கூடிய ஒன்றைத் தனியாகக் கேட்கிறேன். உத்தரவாதக் கடன் வாங்கும் ஒவ்வொருவர் கையிலும், கையெழுத்துக்கு முன்னால், அவர் வீட்டில் பேசும் மொழியில் ஒரே ஒரு தாள் கொடுங்கள். இந்த உத்தரவாதம் வங்கியின் இழப்பை ஈடுகட்டுவதற்கானது, உங்கள் கடனைக் கட்டுவதற்கு அல்ல என்று அதில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். கட்டணம் எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு, யார் கட்டுவது என்று இருக்கட்டும். இந்தத் திட்டத்தில் சொத்து கேட்கலாமா கூடாதா என்று இருக்கட்டும். கூடாது என்றால், கேட்டால் எந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்பதும். இதில் ஒரு பங்காவது பழைய கடனை அடைக்கப் போகிறதா என்பதும். தவணை தடுமாறினால் முதல் மாதமே யாரிடம் போக வேண்டும் என்பதும்.

லேத் பட்டறை அம்மா அன்று கையெழுத்துப் போடவில்லை. இயந்திரம் விற்பவர் கொடுத்த விலைக்கான கெடு இரண்டு முறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது, மூன்றாவது முறை நீட்டமாட்டார். கோப்பு என் மேசையில்தான் இருக்கிறது. வேறொரு வங்கிக்காக முதல் பக்கத்திலிருந்து மறுபடி தயார் செய்துகொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் அவரோடு போய் அதே மாதிரி ஒரு மேசைக்கு முன்னால் உட்காரப் போகிறேன். அந்தத் தாள் அதற்குள் வந்துவிடாது என்று தெரியும். அதனால் நானே ஒன்றை எழுதி, அவருக்குப் படித்துக் காட்டி, கோப்பின் மேலே வைத்திருக்கிறேன். வீட்டைப் பற்றிய வரியில் மட்டும் இடம் விட்டிருக்கிறேன். அதை நிரப்ப வேண்டியது நீங்கள்.

இப்படிக்கு,
சிறு தொழில்களுக்குக் கடன் கோப்பு தயாரிக்கும் ஒரு கணக்காளர்